ரெட்டை அட்டைப் புத்தகம்

கடைத்தெருவில் லென்ஸ் என்று கேட்டால்தான் அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரை வங்கியில் மட்டும் கூப்பிடுவார்கள். அதுவும் இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் அது தன் பெயர் என்று அவருக்கே உறைக்கும். கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடியைச் சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார், நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொள்வார். செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் அவருடைய கடை. உள்ளே போனவர் திரும்ப இடமில்லாமல் பின்னாலேயே நடந்து வெளியே வர வேண்டும், அவ்வளவு அகலம்.

கை சுத்தம், வாக்கு சுத்தம், வேலை சுத்தம். மனுஷனிடம் ஒரே ஒரு குறை, அடுத்தவன் நன்றாக இருந்தால் அவருக்கு வயிறு எரியும். ஜெராக்ஸ் கடைக்காரர் புது ஷட்டர் போட்டபோது, அது சத்தம் போடுகிறது என்று ஒரு வாரம் தலைவலித் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சொல்வாள்: "இவருக்குக் காய்ச்சல் வந்தாக்கூட, பக்கத்து வீட்டுக்காரருக்கு எத்தனை டிகிரின்னுதான் முதல்ல கேப்பாரு."

கடிகாரத்துக்கு அடுத்தபடியாக அவர் உயிரை வைத்திருந்தது காமிக்ஸ் புத்தகங்கள் மேல். பழைய பேப்பர் கடை, நடைபாதைக் கடை என்று அலைந்து பொறுக்கியவை. ஒவ்வொன்றும் கண்ணாடித்தாள் உறைக்குள், படுக்கையறை அலமாரியில். வீட்டில் புடவை வைக்க இடமில்லை, காமிக்ஸுக்குத் தனி அலமாரி என்பது மனைவியின் நிரந்தர வழக்கு. அதில் அவர் இன்றுவரை தீர்ப்புச் சொல்லவில்லை.

அந்த அலமாரியில் 'ஆழ்கடல் அதிகாரி' முதல் இதழ் இரண்டு பிரதி இருந்தது. இரண்டுமே அச்சகத்திலேயே கோணலாகப் பிறந்தவை. ஒன்றில் அட்டையைத் தப்பாக மடித்துவிட்டார்கள். பின்னட்டை விளம்பரத்தின் மஞ்சள் ஓரம் முன்பக்கத்துக்கு வந்து அதிகாரியின் தோளோரமாக எட்டிப் பார்க்கும். இன்னொன்றில் அட்டை இரண்டு. இயந்திரம் ஒன்றுக்குப் பதில் இரண்டு அட்டையை இழுத்து, இரண்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டது. மேலட்டை மூலை மடிந்து, டீக்கறை பட்டு, பார்க்கவே பரிதாபம். அதற்கு அடியில் இருந்த அட்டை வெயில் படாதது, கை படாதது.

மச்சினிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஸ்டியரிங் அடுத்தவன் கையில், பிரேக் மட்டும் தன் காலடியில் என்று வாழ்கிற ஆள். அதனாலோ என்னவோ எதையும் நிதானமாகத்தான் பேசுவார். சகலைக்கும் சகலைக்கும் பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் லென்ஸ் அலமாரியைத் திறந்து காட்டினார். மாஸ்டர் விழுந்தவர் விழுந்தவர்தான். காமிக்ஸ் பைத்தியத்தை அவருக்குப் பிடிக்க வைத்ததே லென்ஸ்தான், இதை லென்ஸ் சாகும்வரை சொல்லிக்காட்டுவார். அன்றைக்குப் பெரிய மனசு பண்ணி ஒரு புத்தகத்தையும் கொடுத்தார். எதை? மஞ்சள் கோடு விழுந்த கோணல் மடிப்பை. ஓட்டை உடைசலைத் தள்ளிவிட்ட நிம்மதியும், கொடுத்த பெருமையும் ஒரே செலவில் கிடைத்தது.

அந்தக் கோணல் மடிப்பைத்தான் மாஸ்டர் தரம் பார்க்கும் கம்பெனிக்கு அனுப்பினார். அங்கே புத்தகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். மடிப்புக் கோணல் அச்சகத்தின் தப்பு, புத்தகம் பட்ட அடியல்ல என்று சொல்லி, ஒன்பது புள்ளி ஆறு போட்டுவிட்டார்கள்.

மாஸ்டர் வீட்டு வரவேற்பறையில் அதற்கென்று ஒரு சின்ன விளக்கு வைத்தார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் குடும்பம் முழுக்கக் கூடியிருந்தபோது மாமனார் எழுந்து போய் அந்த விளக்கைப் போட்டார்.

"பாருங்க மாப்பிள்ளை, பத்துக்கு ஒன்பதே முக்கால் கிட்ட வந்திருக்கு! சின்னவருக்குக் கை ராசி."

"நான் குடுத்ததுதான் மாமா அது," என்றார் லென்ஸ்.

"அப்படியா? நல்ல வேளை குடுத்தீங்க. உங்ககிட்ட இருந்தா அலமாரியிலயே கிடந்திருக்கும்."

 தான் வேண்டாம் என்று தள்ளியது விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறது, தள்ளியவன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மஞ்சள் கோடு அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிற மாதிரி இருந்தது.

அன்றையிலிருந்து ஒரே யோசனை. ரெட்டை அட்டைப் புத்தகத்தை அனுப்புவதா, வேண்டாமா? அச்சகத்துத் தப்பை மன்னிக்கிறார்கள், சரி. ஆனால் கறை அச்சகத்தில் பட்டதல்லவே. அனுப்பி, ஐந்தோ ஆறோ வந்தால்? அதற்கும் மாமனார் விளக்குப் போடுவாரா? அனுப்பாமல் இருந்தால் மட்டும்? ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த ஒன்பது புள்ளி ஆறின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இந்த யோசனையிலேயே கடையில் ஒரு கிழவரின் கடிகாரத்துக்கு இன்னொரு கிழவரின் வாரை மாட்டிக் கொடுத்துவிட்டார். இருவரும் வந்து சண்டை போட்டார்கள்.

கடைசியில் வெட்கத்தை விட்டு மாஸ்டரிடமே கேட்டார், சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோல.

மாஸ்டரின் முகம் ஒரு மாதிரி ஆனது. "அண்ணா, அதை அனுப்பறதா இருந்தா அப்படியே அனுப்புங்க. ஒண்ணையும் தொடாதீங்க. ரெட்டை அட்டைன்னா உள்ளட்டையைப் பாத்துத்தான் மார்க் போடுவாங்க. மேலட்டை கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல. அது இருக்கறதுதான் அதுக்கு மதிப்பே."

"கறை பட்டிருக்கே தம்பி."

"இருக்கட்டும். தொடாதீங்க. சத்தியமா சொல்றேன்."

இவ்வளவு அக்கறையாக ஒருவன் சொன்னால் நமக்குச் சந்தோஷமாக இருக்கும். லென்ஸுக்குச் சந்தேகம் வந்தது. 'எனக்குப் பிரேக் போடறான். கறையோட அனுப்பி, நான் மூக்கு உடைபட்டு நிக்கணும். பாக்கலாம்னு காத்துக்கிட்டிருக்கான்.' சத்தியம் வேறு செய்தானே, அதுதான் அவருக்கு உறுதியான சாட்சியாகப் போய்விட்டது.

"அந்தக் கம்பெனிக்கே ஒரு போனைப் போட்டுக் கேளுங்களேன்," என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியாததா?" என்றார் லென்ஸ். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒரு மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வேலைப் பலகையில் மெத்தென்ற துணியை விரித்தார். நெற்றி லென்ஸ் கண்ணுக்கு இறங்கியது. புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து, பின்களின் மடங்கிய கால்களை மெல்லிய திருப்புளியால் நிமிர்த்தினார். இடுக்கியால் பின்னைப் பிடித்து, மூச்சை அடக்கி, பின்பக்கமாக உருவினார். இப்படி ஒரு வேலையை ஊரில் வேறு எவன் செய்வான்? வேறு எவனும் செய்திருக்க மாட்டான் என்பதுதான் உண்மை.

மேலட்டை தனியாக வந்தது. அடியில் இருந்த அட்டை நேற்று அச்சடித்ததுபோல் பளபளவென்று நீலமாகச் சிரித்தது. லென்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் புத்தகம் இவ்வளவு அழகு என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தோமே என்று நிஜமாகவே நெஞ்சு பொங்கியது. பழைய துளைகளிலேயே பின்னைச் செருகி, கால்களை மடித்து, நீவிவிட்டார். பெற்ற தாய்க்குக்கூட வித்தியாசம் தெரியாது என்று சொல்லிக்கொண்டார். கழற்றிய மேலட்டையைக் கடிகார வார்கள் கிடக்கிற இழுப்பறையில் போட்டார்.

புத்தகம் கம்பெனிக்குப் போனது. திரும்பி வந்த பார்சலைத் தனியாகப் பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை. தனியாக ஜெயித்தால் அது என்ன ஜெயிப்பு? ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். மாமனார், மச்சினி, மாஸ்டர் எல்லோரும் வந்தார்கள். மேஜை நடுவில் பார்சலை வைத்து, கடிகாரத்தின் முதுகைத் திறக்கிற கத்தியால் மெதுவாகப் பிரித்தார்.

ஒன்பது புள்ளி எட்டு.

"அடேயப்பா!" என்று மாமனார் கைதட்டினார். "பெரிய மாப்பிள்ளை பெரிய மாப்பிள்ளைதான்! சின்னவரே, உங்களைத் தூக்கிச் சாப்பிட்டுட்டாரே!"

"மாமா, வாழ்த்துகள் மாமா," என்றாள் மச்சினி.

லென்ஸ் உதட்டை இறுக்கிக்கொண்டார். பேசினால் சிரிப்பு வந்துவிடும். மாஸ்டரின் முகத்தை மட்டும் பார்த்தார். அங்கே எரிச்சலைத் தேடினார். ஒரு துளி போதும், ஒரு வருஷத்துக்கு வைத்துச் சாப்பிடலாம். மாஸ்டர் பெட்டியைக் கையில் எடுத்தார். மார்க்கைப் பார்க்கவில்லை. மார்க்குக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தார். படித்துவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்தை வைக்கிற மாதிரி திரும்ப மேஜையில் வைத்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணா," என்றார். எல்லோர் முன்னாலும் அவ்வளவுதான் சொன்னார்.

சாப்பாடு முடிந்து கை கழுவப் போன இடத்தில் பின்னாலேயே வந்து நின்றார்.

"அண்ணா, மேலட்டை எங்க?"

லென்ஸ் குழாயை மூடவில்லை. "எந்த மேலட்டை?"

"லேபிள்ல எழுதியிருக்கு அண்ணா. பின் கழட்டித் திரும்ப மாட்டினது. மேல இன்னொரு அட்டை இருந்து எடுத்திருக்கு. அதான் லேபிள் வேற நிறம். விவரம் தெரிஞ்ச வெளியாளுங்க இந்த நிறத்தைப் பாத்தாலே மார்க்கைக் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க."

"கம்பெனிக்காரன் எப்படிக் கண்டுபிடிச்சான்?"

"உள்ளட்டையில துளை இருக்கு, வருஷக்கணக்கா பின் அழுத்தின தடம் இல்ல. அந்தத் தடம் மேலட்டையிலதானே இருக்கும்."

ஆயிரம் கடிகாரத்தின் உள்ளே பார்த்த கண்ணுக்கு இது தெரியவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மாஸ்டர்தான் கை நீட்டி மூடினார்.

"நீதான் சொல்லியிருக்கணும் தம்பி," என்றார் லென்ஸ். சொன்னதும் அவருக்கே கூச்சமாக இருந்தது.

"சொன்னேனே அண்ணா." மாஸ்டர் குரல் உடைந்திருந்தது. அது கோபமா அழுகையா என்று லென்ஸுக்குப் புரியவில்லை. "முதல் நாள் அலமாரியைத் திறந்து காட்டினீங்களே, அன்னைக்கே என் கண்ணு அது மேலதான். ரெண்டையும் கையில எடுத்துக்கிட்டு வந்தீங்க, அதைத்தான் குடுக்கப்போறீங்கன்னு நினைச்சேன். நீங்க மத்ததைக் குடுத்தீங்க. ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. இவருக்கு அதோட அருமை தெரியாது, நம்மகிட்ட இருக்கக்கூடாதான்னு எத்தனை வருஷம் பொருமியிருக்கேன் தெரியுமா? உங்க வீட்டுக்கு வர்றப்பல்லாம் அந்த அலமாரிப் பக்கம் உக்கார மாட்டேன். வயிறு எரியும்."

லென்ஸின் நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருஷமாக அவர் வேண்டி நின்றது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். சகலைக்கு வயிறு எரிந்திருக்கிறது! தன்னைப் பார்த்து, தன் பொருளைப் பார்த்து! அந்தச் சுகம் உச்சந்தலைவரை ஏறி, அங்கேயே நின்றுபோனது. வயிறு எரிய வைத்த பொருள் இப்போது இல்லை. அதைத் தன் கையாலேயே, அதுவும் இடுக்கியால், பதமாகக் கொன்றிருக்கிறார்.

சமையலறை வாசலில் துண்டோடு நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். "எதிரிக்குச் சகுனப் பிழைன்னு தன் மூக்கை அறுத்துக்கிட்ட கதைதான்," என்று துண்டை அவர் தோளில் போட்டுவிட்டுப் போனாள்.

"அண்ணா," என்றார் மாஸ்டர் தயங்கித் தயங்கி. "அந்த மேலட்டை சும்மாதானே கிடக்கு. எனக்குக் குடுக்கிறீங்களா?"

மூலை மடிந்து, டீக்கறை பட்டு, இப்போது நாலு துளையோடு தனியாகக் கிடக்கிற காகிதம். உப்புக்குப் பெறாது. ஆனால் கேட்கிறவரின் கண்ணை லென்ஸ் பார்த்தார். அந்தக் கண்ணில் பழைய பொருமல் இன்னும் மிச்சம் இருந்தது.

"தர மாட்டேன்," என்றார்.

மறுநாளே அந்த மேலட்டைக்குச் சட்டம் போட்டு, கடையில் தெருவைப் பார்த்த சுவரில் மாட்டினார். ஒன்பது புள்ளி எட்டு அலமாரிக்குள் புடவைகளுக்கு அடியில் போனது. மனைவி அதன்மேல் இன்னும் இரண்டு புடவையை அடுக்கினாள். டிரைவிங் ஸ்கூல் கார் தினமும் காலையில் கடைத்தெரு வழியாகத்தான் போகும். கடை எதிரே வந்ததும் வேகம் குறையும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவர், தான் என்ன தப்புச் செய்தோம் என்று திருதிருவென விழிப்பார். லென்ஸ் தலை நிமிர மாட்டார். குனிந்தபடியே பிரேக் சத்தத்தைக் கேட்டுக்கொள்வார். அன்றைக்கு அவர் கைபட்ட கடிகாரமெல்லாம் நொடி தவறாமல் ஓடும்.

போன வாரம் ஒரு நாள் கார் வேகம் குறையாமல் போய்விட்டது. ஒருவேளை மாஸ்டருக்கு அவசரம் இருந்திருக்கலாம், கற்றுக்கொள்கிறவர் தேறியிருக்கலாம். லென்ஸ் எழுந்து வாசலுக்கு வந்து, தெருமுனைவரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்ச் சட்டத்தின் தூசியைத் துடைத்து, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் படுகிற இடமாகப் பார்த்து மாட்டினார். அன்று கடிகாரத்தோடு வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார்.