வெந்நீர் அண்டாவும் எண்ணெய் டின்னும்

காருக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்து, அர்வோ ஹல்மே என்ஜின் எண்ணெயை டின்னில் இறக்கிக்கொண்டிருக்கிறார். கார் அவருடையது அல்ல. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நீராவிக் குளியலுக்கு வரும் நெஸ்தோரி தாம்மியுடையது. வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே இருபது காட்டினால் இது நடக்கும். பத்தொன்பது என்றால் நடக்காது. சூடாக இறங்கிய ஐந்து லிட்டரையும் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் இருக்கும் நீராவிக் குளியலறையான சவுனாவுக்குப் போய், வெந்நீர் அண்டாவில் டின்னைக் கழுத்தளவு இறக்கி வைப்பார். குளித்து, காபி குடித்து, நெஸ்தோரி கிளம்பும்போது அந்த எண்ணெய் மறுபடி என்ஜினுக்குள் போகும்.

"ஊரே என்ஜினக் கரண்டுல சூடு பண்ணுது. ஒரு ஒயர வாங்கிச் சொருகுனா முடிஞ்சுது," என்பார் மனைவி கெர்த்து.

"கரண்டு போயிடும். நான் போகமாட்டேன்," என்று காருக்கு அடியிலிருந்து பதில் வரும்.

அர்வோவுக்கு அறுபத்திரண்டு வயது. கூட்டுறவுப் பால் பண்ணையின் லாரியை முப்பத்தொரு குளிர்காலம் ஓட்டியவர். பால் தாமதமாக வந்தது இரண்டே நாள்: ஒருநாள் சாலையில் கடமான் படுத்திருந்தது, இன்னொரு நாள் மகள் பிறந்தாள். அதற்கெல்லாம் முன்பு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் ரஷ்யாவோடு சண்டை தொடங்கி முடிந்த நூற்றைந்து நாளும் அவர் போர் விமானி. அறுபத்திரண்டு முறை வானில் ஏறினார். அவர் கணக்கில் மூன்று விமானங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. "ரெண்டுதான் நான் சுட்டது. மூணாவது அதுவா விழுந்துச்சு. எம்பேர்ல எழுதிக்கிட்டாங்க, நான் என்ன பண்ண?" என்பார்.

வானத்தைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. பேசுவதெல்லாம் தரையைப் பற்றித்தான். விமானத் தளம் என்பது உறைந்த ஏரி. சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சறுக்குக் கட்டை பூட்டியிருப்பார்கள். கட்டை பனியோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க அடியில் ஊசியிலை மரக் கிளைகளைப் பரப்ப வேண்டும். விமானம் இறங்கியதும் எண்ணெயை வடித்து, ஏரிக்கரைச் சவுனாவின் அண்டாவில் வைத்துக் காக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் அது தார். கையுறையோடு திருகாணியைத் திருக முடியாது. அர்வோவின் மெக்கானிக் நெஸ்தோரிக்கு இடக்கையில், குளிர் தின்றது போக, இரண்டு விரல்கள் பாதிதான் இருக்கின்றன. எல்லாம் முடிந்ததும் கிளைகளை உருவிப் போட்டுவிட்டு, நெஸ்தோரி வெறுங்கையைத் தலைக்கு மேல் உயர்த்துவார். அதைப் பார்க்காமல் அர்வோ ஒரு முறையும் நகர்ந்ததில்லை.

"நான் மேல இருந்தது மொத்தம் அம்பது மணி நேரம். அவன் கீழ நின்னது நூத்தஞ்சு நாள்," என்பது அவருடைய கணக்கு.

நெஸ்தோரி ஆறு வயது மூத்தவர். இன்றும் அர்வோவை "லெப்டினன்ட்" என்றே கூப்பிடுகிறார்; மரியாதைக்காக அல்ல. அவர் வைத்திருப்பது ரஷ்யக் கார். "நீ சுட்டுத் தள்ளாம விட்டதையெல்லாம் காராப் பண்ணி விக்கிறான். நான் வாங்கி ஓட்டுறேன்," என்பார். சவுனாவில் மேல் பலகை அவருக்கு. கல்லில் தண்ணீர் ஊற்றுவதும், முதுகு தேய்ப்பதும் அர்வோ. இதில் ஒரு வாரமும் மாற்றம் இருந்ததில்லை.

தளத்தின் நாற்பதாம் ஆண்டுக்குப் படைவீரர் சங்கம் ஒரு சிறு புத்தகம் போடுகிறது. போன புதன்கிழமை சங்கச் செயலாளர் லாக்சோ தட்டச்சுத் தாள்களைச் சரிபார்க்கக் கொண்டுவந்தார். எல்லாம் தளத்தின் அன்றைய நாட்குறிப்பிலிருந்து எழுத்து மாறாமல் எடுத்தவை. ஏழாம் பக்கத்தில் இருந்தது இது: "ஜனவரி 17, காலை 9.10. ஹல்மேயின் விமானம் கிளம்பவில்லை. எண்ணெய் சூடாக்கப்படவில்லை. மெக்கானிக் தாம்மியின் கவனக்குறைவு. பதினாறு நாள் விறகுப் பணி. பதவி உயர்வு நிறுத்தம்."

அர்வோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு பென்சிலை எடுத்து, மெக்கானிக் தாம்மி என்பதை அடித்து ஹல்மே என்று எழுதினார்.

"என்னங்க இது?" என்றார் லாக்சோ.

"நடந்தது. முந்தின நாள் சாயங்காலம் நான் குளிக்கப் போனேன். அண்டாவுல ரெண்டு டின்னு இருந்துச்சு. செம்ப விட்டு மொள்ள எடம் இல்ல. ஒண்ணத் தூக்கிக் கதவோரம் வச்சேன். திருப்பி வைக்க மறந்துட்டேன். காலைல பாதி எண்ணெய் சூடு, பாதி கல்லு."

"நாப்பது வருஷமா சொல்லலியே?"

"சொல்லல."

லாக்சோ கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார். "நாட்குறிப்புல இருக்கிறத அடிக்க எனக்கு அதிகாரம் இல்லீங்க. அடியில ஒரு குறிப்பு போடலாம். அதுக்கும் உங்க கையெழுத்து மட்டும் பத்தாது. அன்னிக்கு அங்க இருந்தவங்க ஒருத்தர் போடணும். திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது."

"இருந்தவன் ஒருத்தன்தான் மிச்சம்," என்றார் அர்வோ. பிறகு, "அப்படியே அந்த மூணாவது விமானத்தையும் அடிச்சிடு," என்றார். அதற்கு லாக்சோ ஒத்துக்கொள்ளவில்லை.

புத்தகம் நெஸ்தோரியின் நான்கு பேரப்பிள்ளைகள் கைக்கும் போகும். தாத்தாவின் பெயர் அதில் வருவது அந்த ஒரே இடத்தில்தான்.

சனிக்கிழமை வெப்பமானி இருபத்தேழு காட்டியது. எண்ணெய் இறங்கியது, சக்கரங்கள் பனியோடு ஒட்டாமலிருக்க அடியில் கிளைகளைப் பரப்பினார் அர்வோ, டின் அண்டாவுக்குப் போனது. மேல் பலகையில் நெஸ்தோரி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அர்வோ கல்லில் மூன்று செம்பு ஊற்றினார். முதுகு தேய்க்க நெஸ்தோரி திரும்பிய பிறகுதான், அந்த முதுகிடம் சொன்னார்:

"பதினேழாந்தேதி டின்னு. அத வெளிய எடுத்து வச்சது நான்தான்."

"தெரியும்."

தேய்த்த கை நின்றது. "எப்பத்துலேந்து?"

"அன்னிக்கு அபாயச் சங்கு ஊதினப்பவே. டின்ன எடுக்க ஓடினேன். கதவோரம் இருந்துச்சு, மேல உன் சோப்பு டப்பா. மூடியில உன் பேரு. டப்பாவப் பைல போட்டுக்கிட்டு, டின்னத் தூக்கிட்டு வந்தேன்."

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா உன்ன எறக்கிருப்பாங்க. விறகு வெட்ட எவன் வேணாப் போகலாம். ஓட்டத் தெரிஞ்சவங்க அன்னிக்கு நம்மகிட்ட ஆறு பேரு." முகத்து வேர்வையை வழித்துவிட்டார். "அப்புறம், நீயா சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லிட்ட. நாப்பது வருஷம் ஆச்சு, அவ்வளவுதான்."

"கோவம் இல்லியா?"

"இருந்துச்சு, ரெண்டு மூணு வருஷம். அப்புறம் நீ எண்ணெயத் தூக்க ஆரம்பிச்ச. சரி, ஞாபகம் இருக்குன்னு விட்டுட்டேன். முதுகத் தேய்யா, சோப்பு காயுது."

அர்வோ தேய்த்தார். வழக்கத்தைவிட வெகுநேரம் தேய்த்தார். "அந்த டப்பா?" என்று கடைசியில் கேட்டார்.

"என் வீட்டுக்காரி ஐலி அதுல பொத்தான் போட்டு வச்சிருக்கா. கேட்டுப் பாரு, தரமாட்டா."

காபி மேசையில், ஈரத் தலையோடு நெஸ்தோரி, அர்வோ எழுதிவைத்த அடிக்குறிப்பை இரண்டு முறை படித்தார். "பதினாறு நாள் தப்பு. பதினாலு. மிச்சம் ரெண்டு நாள் நான் காய்ச்சல்ல படுத்திருந்தேன். அதையும் எழுது," என்றார். எழுதியதும் பாதி விரல்களால் தாளை அழுத்திப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். கெர்த்து ரொட்டியின் ஓரத்துண்டை, நெஸ்தோரிக்குப் பிடித்ததை, அவர் தட்டில் வைத்தார்.

வெளியே பனி நீலமாகத் தொடங்கியிருந்தது. அர்வோ டின்னைத் துணியால் சுற்றி எடுத்துவந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். நெஸ்தோரி உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்தது. மற்ற சனிக்கிழமைகளில் அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார். இன்று வண்டியை நிறுத்தியே வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக அர்வோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அர்வோ குனிந்து, சக்கரங்களுக்கு அடியில் கிடந்த ஊசியிலை மரக் கிளைகளை ஒவ்வொன்றாக உருவி ஓரமாகப் போட்டார். இடப்பக்கம் நான்கடி தள்ளி வந்து நின்றார். கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, வெறுங்கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார்.