சரக்கு வண்டியில் ஏறிய ஆங்கில இலக்கணம்

முப்பத்திரண்டாம் வருஷம், மலாயாவின் ஜொகூரில் குளுவாங் ரயிலடி. ரப்பர் விலை தரையில் கிடந்தது. தோட்டத்தில் வேலை போனவர்கள் ஊருக்குக் கப்பலேறுவதற்காகத் தட்டுமுட்டுச் சாமான்களோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நான் ஜொகூர் பாருவில் பெண்கள் ஆங்கிலப் பள்ளியை அப்போதுதான் முடித்திருந்தேன். வேலை கிடையாது. ரயில்வே வீட்டு வரிசையில் எங்கள் வீட்டில் முடங்கிக் கிடந்து, யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்தால் தேவலை என்று துறுதுறுத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் சண்டிங் வேலை. அதாவது, சரக்குப் பெட்டிகளைக் கோத்தும் பிரித்தும் விடுகிற வேலை. அதில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. சரக்குக் கொட்டகையில் மட்டும் ஓர் எழுத்தர் இடம் காலி. சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதினால் அந்த இடம் அவருக்கு. இல்லாவிட்டால் மனைவி, கைக்குழந்தையோடு அவரும் கப்பல்தான். ஏற்கெனவே ஒரு தடவை எழுதித் தோற்றிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். எல்லார் முன்னாலும் தாளைத் தூக்கிப் பிடித்து, "என்ன இது, உம்மட தாளில கொசு மொய்க்குது?" என்று கேட்டாராம். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம்.

கொசு என்றது, ஆங்கிலத்தில் எழுத்துக்கு மேலே தொங்குகிற அந்தச் சின்னக் குறியை. "இட் இஸ்" என்ற இரண்டு சொல்லைச் சுருக்கி "இட்ஸ்" என்று எழுதினால் குறி வேண்டும். "அதனுடைய" என்று பொருள்படும் "இட்ஸ்" என்றால் குறி கூடாது. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அண்ணன் படு புத்திசாலி, அதுதான் வினை. துரையின் வீடு, மாட்டின் வால் என்று எழுதும்போது குறி போடுகிறோமே, அப்படியானால் "அதனுடைய"வுக்கும் போடத்தானே வேண்டும் என்று வாதாடினார். நான் மனப்பாடம் செய்திருந்த விதிகளையெல்லாம் ஒப்பித்தேன். முன்பு சரியாக எழுதிக்கொண்டிருந்ததும் அதில் தப்பாகிப் போயிற்று.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவர் கேட்டார்.

"நீ சொல்லச் சொல்ல இவரு தலையில எஞ்சினு மாதிரி புகை வருது தங்கச்சி. நான் பெட்டி கட்டவா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் குழந்தையின் துணிகள் தகரப் பெட்டிக்குள் மடித்து அடுக்கியிருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

மறுநாள் காலை மனசு கேட்காமல் ரயிலடி வேலியோரம் போய் நின்றேன். எஞ்சின் தள்ளிவிட, இரண்டு பெட்டிகள் முட்டி நின்றன. அண்ணன் குனிந்து இடையில் புகுந்தார். டணாரென்று கொக்கி விழுந்தது. இரண்டும் ஒன்றாக ஓடின. சற்று நேரத்தில் கொக்கியைக் கழற்றினார், இரண்டும் தனித்தனியாக நின்றன. வேலியில் பாவாடை மாட்டிக் கிழிந்ததைக்கூடக் கவனிக்காமல் உள்ளே ஓடினேன்.

பெட்டி போய்ச் சேர வேண்டிய ஊரை எழுத அவர்களிடம் சுண்ணாம்புக்கட்டி இருக்கும். அதை வாங்கி, கோத்து நின்ற இரண்டு பெட்டிகளில் ஒன்றில் "இட்" என்றும் மற்றதில் "இஸ்" என்றும் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதினேன்.

"அண்ணே, அது கொசு இல்ல, கொக்கி. கழட்டினா ரெண்டு பெட்டி நிக்கணும். நின்னா மட்டும் மாட்டுங்க."

தனியாகக் கிடந்த இன்னொரு பெட்டியில் "அதனுடைய" என்ற அந்த "இட்ஸ்"ஸை எழுதினேன். "இது ஒத்தப் பெட்டி. இதுக்கு எதுக்குக் கொக்கி?"

"அப்ப மாட்டு வாலு?"

"அது வேற தண்டவாளம். பேருக்கு வேற சட்டம். இப்ப அந்தப் பக்கம் போவாதீங்க."

"எஞ்சினுக்கு அதனுடைய விசில் போய்விட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னேன். அவர் மனசுக்குள் கொக்கியைக் கழற்றி, அந்த இடத்தில் "இட் இஸ்" போட்டுப் படித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "தடம் பொறளுது தங்கச்சி. அப்ப கொக்கி கெடையாது." அதன்பின் "யூ ஆர்", "தே ஆர்" இரண்டையும் நான் வாய் திறக்கும் முன் அவரே கழற்றிப் பூட்டினார். சந்தோஷத்தில் எழுதியதை அழிக்க இருவருக்குமே தோன்றவில்லை.

சாயங்காலம் அந்தப் பெட்டிகள் போய்ச் சேர்ந்த கூலாய் ஸ்டேஷனிலிருந்து தந்தி வந்தது. "இட்" என்ற ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள்.

"அலமாக்," என்று மலாயில் அங்கலாய்த்து அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டுவிட்டார். அதிகம் பேசவில்லையாம். நாளைக்கே பரீட்சை, அதிலும் கொசு பறந்தால் பெட்டியில் கிறுக்கியதற்கும் சேர்த்துக் கணக்கு முடிப்பேன் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் நானும் அவர் மனைவியும் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டுமென்றே அந்தச் சொற்களாகப் பொறுக்கிப் போட்டுச் சொல்லிக்கொண்டே போனார். அண்ணனின் வலது கை எழுதியது. இடது கை மேசைக்கு அடியில் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தது. அக்கா என் விரல்களை நசுக்கியே விட்டார்.

சிவப்புப் பென்சில் தாளுக்கு மேலே நகர்ந்தது. எங்கும் இறங்கவில்லை. கடைசி வரி வரைக்கும் போய், மேசையில் படுத்துக்கொண்டது.

"கொசு எல்லாம் இருக்க வேண்டிய இடத்திலதான் இருக்குது," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "இதை உமக்கு ஆர் படிப்பிச்சது?"

அண்ணன் ஜன்னலைக் காட்டினார். "அந்தப் புள்ளதாங்க ஐயா. கொக்கியக் கழட்டிப் பாக்கச் சொல்லுச்சு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு மீசை மெல்லத் துடித்தது. "அப்ப 'இட்' எண்ட ஊர் உம்மட ஊர்தானோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து அந்த ரயிலடியில் யாரும் பார்த்ததில்லை.

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் அக்காவைக் காணவில்லை. நாங்கள் வீடு போய்ச் சேர்ந்தபோது, தகரப் பெட்டியில் இருந்த குழந்தைத் துணிகள் அத்தனையும் வாசல் கொடியில் படபடத்துக்கொண்டிருந்தன.

அடுத்த வாரமே சண்டிங்காரர்கள் சிலர் சிலேட்டோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். இப்போது நான் ஆசிரியை. யார் வந்து எதிரே உட்கார்ந்தாலும், புத்தகத்தைத் திறக்கும் முன் அவர் கைகள் என்ன வேலைக்குப் பழகியவை என்று கேட்டுவிடுகிறேன். பதில் வந்ததும் அந்தக் கொக்கி விழுந்த சத்தம் என் காதில் கேட்கிறது, இனி வண்டி ஓடிவிடும் என்று தெரிந்துவிடுகிறது.