தள்ளாமல் கிளம்பிய திங்கட்கிழமை

எங்கள் பிக்கப் வண்டிக்கு நாங்கள் எழுதி வைத்த பெயர் ஒன்று, தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் வைத்த பெயர் இன்னொன்று. அவர்கள் வைத்ததுதான் நிலைத்தது. தள்ளு கடை.

காலை ஐந்தரைக்கு ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, பின்பக்கத்தைத் திறந்து இட்லி, பொங்கல், வடை விற்போம். வண்டி ஓட்டுவது வீட்டுக்காரர். அடுப்பும் வாயும் நான். கூட்டம் வந்ததெல்லாம் என் தேங்காய்ச் சட்னிக்காகத்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. வீட்டில் அரைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தால் ஏழு மணி வெயிலுக்கே சட்னியின் குணம் மாறிவிடும். அதனால் அங்கேயே, ஆள் பார்க்க, இன்வெர்ட்டர் போட்டு மிக்சியில் அரைப்பேன். அந்த மிக்சி, இரண்டு லைட்டு, பால் வைக்கிற சின்ன ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து வண்டியின் ஒரே பேட்டரியை உறிஞ்சித் தீர்த்துவிடும். எட்டு மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அப்புறம், ராத்திரி முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டிய பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் யூனிபார்மோடு வந்து தள்ளுவார்கள்.

"அக்கா, துன்ன வடை இதுலயே கரைஞ்சி பூடுது. இன்னொன்னு குடு, அப்பதான் தள்ளுவோம்."

வண்டி உயிர் பிடித்துக் குதிக்கும்போது சாம்பார் அண்டா மூடியைத் தாண்டி வழியும். தினமும் எனக்கு வெட்கத்தில் காது சுடும்.

கேட்டின் செக்யூரிட்டி ஆபீசர் மீசை வைத்த பெரியவர். பேச்சு குறைவு, கைக்கடிகாரம் பார்ப்பது அதிகம். ஒரு வியாழக்கிழமை பொங்கலைச் சாப்பிட்டு, கையைக் கழுவி, கர்சீப்பில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, எட்டரைக்கு பெரிய ஆளுங்க காருலாம் உள்ள வருது. நம்ம யூனிபார்ம் போட்டுக்கினு பசங்க உன் வண்டிய தள்ளிக்கினு போறத பாத்துட்டு என்னைத்தான் கேக்குறாங்க. திங்கக்கெழமையிலேந்து எட்டேகாலுக்குள்ள வண்டி தானா கெளம்பணும். இல்லாங்காட்டி வேற எடம் பாத்துக்க."

வேறு இடம் என்று சொல்வது சுலபம். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் ஏற்கெனவே ஒரு கடை இருக்கிறது. இந்த இடத்தில் காலூன்ற எங்களுக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இடம் போனால் கடை போச்சு, வேறு கணக்கே இல்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேட்டரி, பேட்டரி என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். நான் முணுமுணுத்தால் வீட்டுக்காரருக்குப் பயம் வந்துவிடும்.

மறுநாள் கவரைப்பேட்டையில் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனோம். இன்னொரு பேட்டரி வைத்துவிடு என்றேன். அவர் பானெட்டைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யக்கா, இதுல ஒரு ஈ குந்த எடமில்ல. இன்னொரு பேட்டரிய எங்க வெப்ப, மடியிலயா? மிக்சிய ஊட்டுல வெச்சிட்டு வா, பேஜாரே இல்ல."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. மிக்சியை வீட்டில் வைக்கச் சொன்னதுகூடப் பரவாயில்லை, அந்தச் சிரிப்புதான். கார்களுக்கு வயரிங் செய்கிற கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷம் நின்றவள் நான். அப்போது மணவாள நகரில் குடியிருந்தோம். கம்பெனி பஸ்ஸில் போய், வயரை வெட்டி, நுனியில் லக் என்கிற செம்பு வளையத்தை வைத்து அழுத்தி, கொத்தாகக் கட்டி, அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புவோம். பெட்டி எந்த ஊருக்குப் போகிறது, எந்தக் காரில் மாட்டுகிறார்கள், ஒன்றும் தெரியாது. லைனை வேறு மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது என்னிடம் மிஞ்சியது விரலில் காய்ப்பும், லக் அழுத்துகிற கொறடு ஒன்றும்தான்.

"எடத்த நான் பண்ணிக்கறேன். பேட்டரியும் கேபிளும் ரிலேவும் மட்டும் குடு" என்றேன். வீட்டுக்காரர் பட்டறைக் கூரையை நிமிர்ந்து பார்த்தார். அது அவர் பிரார்த்தனை செய்கிற விதம்.

ரிலே என்பது சின்ன டப்பி. இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரிகளையும் சேர்த்துவைத்து சார்ஜ் ஏற்றும். இன்ஜின் நின்றால் இரண்டையும் பிரித்துவிடும். பழையது வண்டியைக் கிளப்புவதற்கு மட்டும், புதியது என் மிக்சிக்கு மட்டும். ஒரே வீட்டில் தனிச் சமையல் மாதிரி. சண்டை வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வாசலில் பானெட் திறந்தது. கண்ணாடி துடைக்கிற தண்ணீர் டப்பாவைக் கழற்றி வேறு மூலைக்குத் தள்ளினேன். ஈ உட்கார இடமில்லாத இடத்தில் ஒரு பேட்டரி உட்கார இடம் கிடைத்தது! முந்தின நாளே வெல்டிங் கடையில் இரும்பு ஆங்கிளில் ஒரு தட்டு செய்து வாங்கியிருந்தோம். அதைப் போல்ட் போட்டு முடுக்கி, அதிராமல் இருக்கப் பழைய டயர் டியூபை வெட்டி அடியில் விரித்தேன். பேட்டரியும் உட்கார்ந்தது. ஆனால் பானெட்டை மூடினால் அதன் தகரம் பேட்டரி முனையில் இடிக்குமா என்பது தெரியவில்லை. இடித்தால் நெருப்புதான். மூடின பிறகு உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. வீட்டுக்காரர் தரையில் படுத்து டார்ச் அடித்தார். ஒன்றும் புலப்படவில்லை.

நான் உள்ளே போய்ப் பூரி மாவில் ஓர் உருண்டை பிடித்துக்கொண்டு வந்தேன். கேபிள் மாட்டாத முனையின் தலையில் அதை வைத்து, பானெட்டை மூடித் திறந்தேன். உருண்டை அப்பளமாகியிருந்தது.

"இன்னாமே இது, பேட்டரிக்கு நாஷ்டாவா?" என்றார் வீட்டுக்காரர்.

"யோவ், கம்முனு தட்ட கழட்டு."

தட்டை இரண்டு விரல் இறக்கி மறுபடி முடுக்கினோம். மறுபடி மாவு. இந்தத் தடவை உருண்டையின் உச்சி மட்டும் லேசாகத் தட்டையாகி, அடி தடிமனாகவே நின்றது. அதற்கு மேல் ரப்பர் மூடியும் போட்டேன். எலக்ட்ரீசியன் அப்போது அங்கே இல்லையே என்று எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

கேபிளைச் சூடான புகைக்குழாய்ப் பக்கம் போகாமல் சுற்றி எடுத்து, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கட்டு போட்டு, ஃபியூஸ் வைத்து, லக் அழுத்தி இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கை எதையும் மறக்கவில்லை. சாயங்காலம் சாவி திருப்பினோம். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்தது. நிறுத்திவிட்டு மிக்சியை ஓட்டினேன். அதுவும் ஓடியது.

அத்தோடு விட்டிருக்கலாம். பழைய பேட்டரியின் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது கண்ணை உறுத்தியது. கேபிளை முனையோடு கவ்விப் பிடிக்கிற கிளாம்புகளைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்துப் பளபளவென்று ஆக்கினேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்கவே இல்லை. எங்கள் வீட்டில் கிரைண்டர் வந்தாலும் கேஸ் அடுப்பு வந்தாலும் பொட்டு வைக்காமல் வேலை வாங்க மாட்டோம். சந்தனம் குழைத்து, புதிய பேட்டரியின் மேல்மூடியில் வைத்தேன். புதிதாக வந்ததற்கு மட்டும் வைத்தால் பழசு கோபித்துக்கொள்ளுமே. பழைய பேட்டரியின் முனைகள் இரண்டும் மொட்டை அடித்த தலை மாதிரி பளிச்சென்று நின்றன. இரண்டுக்கும் தலை நிறையச் சந்தனம் பூசி, மேலே குங்குமம் வைத்து, கும்பிட்டு, அதன்மேல் கிளாம்பை மாட்டி முடுக்கினேன்.

திங்கட்கிழமை காலை வண்டி கிளம்பியது. கொஞ்சம் முனகிக் கிளம்பியது, அவ்வளவுதான். கேட்டில் அன்று நான் மிக்சியை ஓட்டிய ஓட்டம் எந்த நாளும் ஓட்டியதில்லை. லைட்டு மங்கவில்லை. சட்னி வெண்ணெயாக விழுந்தது. எட்டு மணிக்குப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு, வழக்கப்படி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார்கள்.

"போங்கடா, இன்னிக்கு உங்களுக்கு வேல இல்ல" என்றேன் பெரிய மனுஷியாக.

வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினார். டிக்.

மறுபடி திருப்பினார். டிக். யாரோ சிரித்தார்கள். செக்யூரிட்டி ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு ஐந்து.

"ரெண்டு பேட்டரியும் பூட்ச்சிமே. அந்தாளு அப்பவே சொன்னான்" என்றார் வீட்டுக்காரர்.

"தள்ளிடலாம் அக்கா" என்று பிள்ளைகள் வண்டியில் கை வைத்தார்கள்.

"யாரும் கை வெக்காதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் கேட்டுக்குள் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஐஸ் பெட்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் புதியது நன்றாக இருக்கிறது. பழையதில் இருந்து யாரும் கரண்ட் எடுக்கவே இல்லை, அது நிறைந்துதான் இருக்க வேண்டும். எங்கள் லைனில் ஒரு பேச்சு உண்டு: வயர் பொய் சொல்லாது, நுனிதான் பொய் சொல்லும். பானெட்டைத் தூக்கினேன். இரண்டு வயர் கட்டிய பல்பு ஒன்று எப்போதும் என் டப்பாவில் இருக்கும். அதைப் பேட்டரி முனைகளில் நேராக வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னேன். பல்பு பளீரென்று எரிந்தது. வயரைக் கிளாம்புக்கு மாற்றிவைத்து மறுபடி திருப்பச் சொன்னேன். பல்பு செத்தது. பேட்டரியில் இருக்கிற கரண்ட் கிளாம்புக்கு வந்து சேரவில்லை.

குனிந்து பார்த்தேன். முனைக்கும் கிளாம்புக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு பொருக்கு. என் சந்தனம். ஈரமாக இருந்தவரை ஏதோ கொஞ்சம் கரண்டை விட்டிருக்கிறது. வருகிற வழியில் இன்ஜின் சூட்டில் காய்ந்து, சுவர் எழுப்பிவிட்டது. 'அப்பவே சொன்னான்' என்ற வீட்டுக்காரரைத் திட்டத் தயாராக வைத்திருந்த வார்த்தைகளை எல்லாம் அப்படியே விழுங்கினேன். கெடுத்தது நான், என் பக்தி.

ஸ்பேனரை எடுத்து நெகட்டிவ் கிளாம்பை முதலில் கழற்றினேன், பிறகு மற்றதை. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்தேன். பத்து வருஷத்து அண்டாக் கரியை எடுத்த கைக்கு இது எம்மாத்திரம். முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் ஈயம் மின்னுகிற வரை தேய்த்தேன். பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. செக்யூரிட்டி ஆபீசர்.

"எட்டு பன்னண்டு" என்றார்.

நான் நிமிரவில்லை. கிளாம்பை மாட்டி, முடுக்கி, அசைத்துப் பார்த்தேன். பானெட்டை அறைந்து மூடினேன்.

"திருப்புய்யா!"

இன்ஜின் ஒரே சுற்றில் பிடித்தது. முனகலும் இல்லை, குதிப்பும் இல்லை. பிள்ளைகள் போட்ட விசிலில் மின்கம்பத்துக் காக்கைகள் பறந்தன. ஒன்பது வருஷம் எத்தனை கார்களுக்கு வயர் கட்டி அனுப்பியிருப்பேன். ஒரு வண்டிகூட என் கண்ணெதிரே கிளம்பி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன்.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. எட்டேகால் பயத்தில் வீட்டுக்காரர் கியரைப் போட்டு, திரும்பியே பார்க்காமல், வளைவு தாண்டிப் போய்விட்டார். நான் கையில் கம்பி நாரோடு நடுரோட்டில் நின்றேன்.

செக்யூரிட்டி ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி போன திசையைப் பார்த்தார். அவர் மீசைக்கு அடியில் முதல் முறையாகச் சிரிப்பு தெரிந்தது.

"வண்டி தானா கெளம்பிடுச்சி. நீ எப்பம்மா கெளம்புவ?" என்றார். பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற வேப்பமரத்தைக் காட்டி, நடந்தபடியே சொன்னார்: "நாளைக்கு அந்த வேப்பமரத்தாண்ட கடைய போட்டுக்க. உனக்கு நெழலாவது இருக்கும்."