அப்பாவின் விரல்களுக்கு ஒரு கல்லறை

“ஏடி, உங்கப்பா எந்திரிக்கிற அன்னைக்கு, வெரலைத் தோண்டி எடுத்து ஒட்டிக்கிட்டுத்தான் மேல போவாகளா?”

எட்டாம் வகுப்பில், பக்கத்து பெஞ்ச் முத்துச்செல்வி என்னிடம் கேட்டது. வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால்... அதே சந்தேகம் எனக்கும் இருந்தது!

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் ஓட்டியவர். சீசன் உச்சத்தில் ஒரு மதியம், இடது கையின் நடு மூன்று விரல்களை மெஷின் எடுத்துக்கொண்டது. ஒட்டவைக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்பா விரல்களைக் கேட்டு வாங்கிவந்தார். காலண்டர் அடுக்கும் சின்ன அட்டைப்பெட்டியில் வைத்து, ஆமத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார். குழி ஒரு முழ நீளம். தலைமாட்டில் – விரலுக்கு ஏது தலைமாடு, இருந்தாலும் – ஒரு சிமெண்ட் சிலுவை.

நாங்கள் வேதக்காரர்கள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குக் குடும்பத்தோடு போய் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அப்பா முதலில் என் பெரியம்மாவுக்கு ஏற்றுவார். அம்மாவின் அக்கா அவர். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் போய்ச் சேர்ந்தவர். அடுத்த மெழுகுவர்த்தி, அப்பா தன் சொந்த விரல்களுக்கு. உயிரோடு நின்று தன் கல்லறைக்குத் தானே பூ வைக்கும் மனிதரை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் வருஷா வருஷம் பார்த்தேன்.

அப்பாவின் நம்பிக்கை எளிமையானது. கடைசி நாளில் ஆண்டவர் கூப்பிடும்போது எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் சட்டென்று கூடிக்கொள்ளும். அதனால் தன்னையும் விரல்களுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இன்றைக்கு விலங்கியல் டீச்சர். அதில் எனக்குப் பெருமை உண்டு – கொஞ்சம் அதிகமாகவே உண்டு. அப்பாவின் ‘விரல் திருவிழா’வைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் நான் வாயே திறந்ததில்லை.

போன மாதம் அப்பாவிடமே திறக்க வேண்டிவந்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை. செருப்பு கடித்த புண்ணை எங்களிடம் காட்டாமலேயே வைத்திருந்தார். நான் பார்த்தபோது இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. விருதுநகரில் டாக்டரம்மா சுற்றிவளைக்காமல் சொன்னார்: இப்போது எடுத்தால் இரண்டு விரலோடு போகும். தள்ளிப்போட்டால் முழங்கால் வரை போகும். இன்னும் தள்ளிப்போட்டால்...

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “வெட்டுன வெரலைக் கையில குடுத்துருவீகளா?”

தர முடியாது, கிருமி இருக்கிறது, எரிக்கத்தான் அனுப்புவோம் என்றார் டாக்டரம்மா.

அப்பா எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். “அப்ப வேண்டாம்மா. நாங்க வாரோம்.”

இரண்டு நாள் போராடினேன். பாக்டீரியா, ரத்த ஓட்டம், செல் அழிவு – கரும்பலகை ஒன்றுதான் குறை. கடைசியில் பொறுமை போய், அந்தப் பழைய மூன்று விரலும் இந்நேரம் மண்ணோடு மண்ணாகியிருக்கும் என்றேன்.

“மண்ணாப் போகட்டும் பாப்பா. ஆண்டவர் மனுசனை மண்ணுலதான செஞ்சாரு? சாம்பல்ல செஞ்சாருன்னு யாரும் சொல்லலையே.”

மூன்றாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. கறுப்பு மூன்றாவது விரலின் ஓரத்தைத் தொட்டுவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்தாள். அம்மாவும் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். இரண்டு நாளும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவள், நகக்கண்ணில் வெடிமருந்துக் கறையோடு, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

“எங்க அக்காவை ஒரு மூட்டையாக் கட்டித்தான் குடுத்தாக. மறந்துபோச்சா?”

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“சாம்பலும் ஒரு வளையல் துண்டும். அதைத்தான் பொதைச்சோம். அவளுக்கும் வருசா வருசம் மெழுகுவத்தி பொருத்துறீக. அவ எந்திரிக்க மாட்டான்னு நெனச்சுக்கிட்டா பொருத்துறீக?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“அம்புட்டுச் சாம்பலையும் கூட்டி அவளை எழுப்பத் தெரிஞ்சவருக்கு, ஒங்க ரெண்டு வெரலு இருக்க எடம் தெரியாமப் போயிருமா?”

சொல்லிவிட்டு அம்மா முகம் கழுவப் போய்விட்டாள். முகம் கழுவ அத்தனை நேரம் ஆகாது.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பெரியம்மாவைப் போல மூட்டையாக வந்தவர்கள் எத்தனை பேர்! நெருப்புப் பட்டதும் தீர்ந்துபோகிற நம்பிக்கையை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் யார் என்ன செய்வது? நான் பாக்டீரியாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அப்பாவின் பயமோ வேறு எங்கேயோ இருந்தது. அதை அம்மா தொட்டாள்.

அப்பா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “பாப்பா, ஆட்டோவைக் கூப்பிடு” என்றார்.

மறுநாள் காலை ஆபரேஷன். டாக்டரம்மா வெளியே வந்து, மூன்றாவது விரலைக்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை, கால் பிழைத்தது என்றார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று குடித்த கேன்டீன் டீயைப் போல ஒரு டீ இனி எங்கே கிடைக்கும்?

மயக்கம் தெளிந்ததும் அப்பா விரல்களைப் பற்றி விசாரித்தார். எரிக்க அனுப்பியாகிவிட்டது என்றேன். “சரி... எங்க மதினிகூடச் சேர்ந்து வரட்டும்” என்றார், பெரியம்மாவை நினைத்து.

இப்போது என் கதை. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் பள்ளியில் நடந்த முகாமில் ஒரு கண் தானப் படிவம் வாங்கினேன். மாணவிகளிடம் அரைமணி நேரம் அதைப் பற்றிப் பேசினேன். அவர்கள் கைதட்டினார்கள். படிவம்? என் அலமாரியில், புடவைக்கு அடியில். எழும்பும்போது கண் தெரியாமல் போனால்...? விலங்கியல் டீச்சர்தான். ஆனால் அந்த அப்பாவின் மகளல்லவா!

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் படிவத்தை வெளியே எடுத்தேன். குடும்பத்தார் சாட்சிக்கு ஓர் இடம் விட்டிருந்தது. அப்பாவிடம் நீட்டி விவரம் சொன்னேன்.

“கண்ணைக் குடுத்துட்டு வந்தா, அங்கன எங்களை எப்படிக் கண்டுபிடிப்ப?”

“நீங்க கூப்பிட மாட்டீகளா?”

அப்பா சிரித்தார். மெஷின் விட்டுவைத்த இடது பெருவிரலை மைப்பெட்டியில் ஒற்றி, காட்டிய இடத்தில் அழுத்தினார்.

திங்கட்கிழமையே தபாலில் சேர்த்துவிட்டேன்.