ஏடன் தாண்டி இறங்கியவர்

என் அண்ணன் மகளுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண்ணின் அப்பா எங்கே என்பதுதான் மாப்பிள்ளை வீட்டார் கேட்ட முதல் கேள்வி. அதற்குப் பதில் தேடி மார்கழிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மாம்பலத்திலிருந்து அடையாறு வரை போய் வந்தேன். ஐந்தாறு மைல் போனதையெல்லாம் ஒருவன் எழுதுவானா என்று கேட்பவர்கள், காசிக்குப் போனவர்கள் எழுதியதைப் படித்துக்கொள்ளட்டும். கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பாத ஆளைத் தேடும் குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. இது அவர்களுக்காக.

அண்ணன், லண்டன் போகும் பயணிக் கப்பல் ஒன்றில் சாமான் அறைக் குமாஸ்தா. யுத்தத்துக்கு முன்பு ஒரு நாள் அவன் பெட்டி மட்டும் வீடு வந்தது. கொண்டுவந்தவர் அதே கப்பலில் பட்லராக இருந்த ஏழுமலை. "ஏடன் தாண்டினதும் எறங்கிட்டாரும்மா" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். ஏதோ துறைமுகத்தில் இறங்கி எவளோடோ குடித்தனம் வைத்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டோம். வெட்கத்தில் யாரும் மேலே விசாரிக்கவில்லை. அப்பாவுக்கு அவன்தான் செல்லம். அவன் போனபின் குடும்பத்தைத் தூக்க, சட்டப் படிப்பை விட்டுவிட்டு வாத்தியார் வேலையில் உட்கார்ந்தவன் நான். இப்போது கல்யாணத்துக்காகக் கம்பெனிக்கு எழுதினேன். பதில் போடும் மரியாதை அவர்களுக்கு இல்லை.

"தாரை வார்த்துக் குடுக்க அவர் வரணும் தம்பி" என்றார் அண்ணி. "எங்க இருந்தாலும் விசாரிச்சுச் சொல்லுங்க. கூட இன்னொருத்தி வந்தாலும் பரவாயில்லை."

ஆகவே புறப்பட்டேன்.

பனகல் பூங்கா அருகே காலை ஏழரைக்கு வர வேண்டிய பஸ் எட்டேகாலுக்கு வந்தது. யுத்தம் முடிந்தும் இன்னும் கரிவாயுவில் ஓடும் வண்டி. பின்பக்கம் உட்காராதீர்கள், வேட்டி கறுத்துவிடும். லஸ் வரை ஓரணா. அங்கிருந்து தெப்பக்குளத்துக்குப் பின்னால் நடந்தால் ஒரு சந்தில் ஏழுமலை இட்லிக் கடை வைத்திருக்கிறார். சட்னி நன்றாக இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

கப்பல் என்றதும் மனிதருக்கு வாய் மூடவில்லை. "மேல பேண்டு வாசிச்சுக்கினு இருப்பான் சார். தொரைசானிங்க டான்ஸு. அந்தக் காலு தட்டுற சத்தம் எங்க தலைக்கு மேல. கீழ நாங்க கறி வெட்டிக்கினு இருப்போம். லண்டன் வரிக்கும் எங்க மூஞ்சியப் பாத்த தொரை ஒருத்தன் கெடையாது."

அண்ணன் எந்த ஊரில் இறங்கினான் என்று கேட்டேன்.

"ஊரா?" கரண்டி அப்படியே நின்றது. "இன்னா சார், நான்தான் அப்பவே சொன்னேனே."

"இறங்கிவிட்டான் என்றீர்கள். எந்த ஊரில்?"

என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைக் கிளறினார். "சாரங்கைப் போய்க் கேளு சார். அடையாத்துல கீறாரு. அவருதான் எறக்கினாரு."

சாரங்கு என்பவர் கப்பல் ஆட்களுக்கு மேஸ்திரி. ஆனால் இறங்கினவனை ஒருவர் எப்படி இறக்குவார்?

லஸ்ஸில் ஜட்கா பிடித்தேன். எட்டணா கேட்டான். ஆறணாவுக்கு மேல் கொடுக்காதீர்கள். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பி, சவுக்குத் தோப்புக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டான்.

"கப்பல்காரங்க வூடுதானே? இங்கியே எறங்கிக்க நைனா. குதிரை அந்தாண்ட வராது."

"குதிரை வராதா, நீ வர மாட்டாயா?"

"ரெண்டு பேருந்தான்."

தோப்பில் காற்று இல்லை. மணலில் கால் மைல் நடக்க வேண்டும். ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்த்து நீளமாக ஓர் ஓட்டு வீடு. உள்ளே ஐந்து கிழவர்கள், கப்பலில் படுப்பது போல் சுவரில் அடுக்காக அடித்த பலகைகளில் படுத்தும் உட்கார்ந்தும் இருந்தார்கள். நான் வாசலில் நின்றதும் ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் தகரக் குவளை ஒன்றில் டீ ஊற்றி, ஆள் இல்லாத ஒரு பலகையின் ஓரத்தில் வைத்தார்.

"குமாஸ்தா வந்துட்டாரு" என்றார், சத்தம் எழாமல்.

எனக்கும் அண்ணனுக்கும் ஒரே ஜாடை என்பார்கள். அது எனக்குப் பிடித்ததில்லை. அன்று முதல் முறையாக அதைக் கண்டு பயந்தேன்.

நடுவில் இருந்த கரீம் பாய்தான் சாரங்கு. என் காலையே பார்த்தபடி கேட்டார்: "எங்க ஏறினீங்க?"

"மாம்பலத்தில். பஸ்ஸில்."

சிரிப்பு வெடித்தது. "பஸ்ஸுல வந்தா ஆளுதான், உக்காருங்க" என்று ஒருவர் முதுகில் தட்டினார். இன்னொருவர், "பஸ்ஸுல வந்தும் உயிரோட கீறாரு பாரு" என்றார். குவளையை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

நான் குமாஸ்தாவின் தம்பி என்று சொல்லி, அண்ணனைப் பற்றிக் கேட்டேன். கரீம் பாய் சொன்னது இதுதான். பயணிக் கப்பலில் சாவு என்ற சொல் கூடாது. வெள்ளைக்காரர்கள் உல்லாசமாகப் போகிற கப்பல். சாப்பாட்டு மேஜையில் அந்தப் பேச்சு எட்டினால் மேஸ்திரிக்கு வேலை போய்விடும். அதனால் ஆட்களுக்குள் ஒரு வார்த்தை வைத்துக்கொண்டார்கள். எறங்கிட்டான்.

"செங்கடல் சூடு உங்க அண்ணனுக்குத் தலைக்கு ஏறிடுச்சு. ரெண்டு நாள் பிதற்றினாரு, புள்ள பேரச் சொல்லி. கித்தான்ல வச்சு நான்தான் தச்சேன். விடியறதுக்கு முன்னாடி இன்ஜினை மெதுவாக்குவாங்க. மேல பயணிங்க தூக்கத்துல பொரண்டு படுப்பாங்க, ஏன்னு தெரியாது. நாங்க கடல்ல எறக்கிடுவோம். கரை போய்ச் சேர்ற வரைக்கும் அந்தப் பலகையில வேற ஆளு படுக்க மாட்டான். டீ வைப்போம்."

"இப்போது எதற்கு வைக்கிறீர்கள்? கரைக்குத்தான் வந்துவிட்டீர்களே."

"வந்துட்டோமா?" என்று கேட்டார் கரீம் பாய். கிண்டலாகக் கேட்கவில்லை.

அப்போது ஐந்து பேரும் ஒன்றாகப் பேச்சை நிறுத்தினார்கள். ஒவ்வொருவர் உள்ளங்கையும் பக்கத்துச் சுவரில் போய்ப் பதிந்தது. "மெதுவாகுது" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலை குனிந்தார்கள். நான் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அதுவரை ஓர் அதிர்வு இருந்திருக்கிறது. அது அடங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. கடல் ஓசையாக இருக்கலாம். பிறகு அது மறுபடி தொடங்கியது. அவர்களும் விட்ட இடத்திலிருந்து பேசினார்கள்.

பாலம் வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

வீட்டில் அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். முறம் நிற்கவில்லை. நெற்றியில் குங்குமம், தலையில் பூ. பொட்டில்லாத அம்மா மணையருகே நிற்க முடியாது, மஞ்சள் இடிக்க முடியாது, மகளுக்கு ஆரத்திகூட எடுக்க முடியாது. சாவு செய்தி வந்த வீடு என்று முகூர்த்தமே தள்ளிப் போகலாம். அந்த மாப்பிள்ளை வீட்டாரை நினைத்தால், நின்றே போகலாம்.

முறத்தைக் கீழே வைத்தார். "நீங்க இன்னைக்கு எங்கயும் போகலை தம்பி. பஸ் வரலை, திரும்பிட்டீங்க. பொண்ணு மாப்பிள்ளையை வழியனுப்பின மறுநாள் போய்ட்டு வாங்க."

கல்யாணம் நடந்தது. தாரை வார்த்தவன் நான். சம்பந்தி வீட்டார் இதைப் படித்தால் படிக்கட்டும்; பாயசத்தில் ஏலக்காய் போதவில்லை என்றவர்கள் அவர்கள்.

போகிறவர்கள் பகல் பன்னிரண்டுக்குள் தோப்பைத் தாண்டித் திரும்பிவிடுங்கள். மாலையில் அந்தப் பக்கம் ஜட்கா கிடைக்காது. புகையிலை வாங்கிப் போனால் சந்தோஷப்படுவார்கள். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர்களிடமே அர்த்தம் கேளுங்கள். அர்த்தம் தெரியாமல் நான் ஒரு நல்ல மனிதனை ஒன்பது வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன்.

பெண்ணை வழியனுப்பிய மறுநாள் காலை அண்ணி என் குடையை எடுத்துக் கொடுத்தார். அதே பஸ், அதே ஓரணா. பாலத்தோடு நின்றுவிட்டேன். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானம் திரும்பினேன்.

அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். தலையில் பூ இல்லை. தெருவுக்கே கேட்கும்படி, "எங்க இருக்காராம் தம்பி?" என்றார்.

பதிலை வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் தடவை சொன்னபோது வராத அழுகை அப்போது வந்தது. அவர் என் கையிலிருந்த குடையை வாங்கி ஓரமாகச் சாத்திவிட்டு, கிணற்றடிக்குப் போய், தலைமுழுக எனக்கும் சேர்த்துத் தண்ணீர் இழுத்தார்.