ரமீஜாவின் வாயும் காரீயக் குண்டுகளும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜாக்கெட் தைக்கத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் கழுத்து இறங்காமல், கை இறுக்காமல் தைக்க வேண்டுமென்றால் ரமீஜாவிடம்தான் போக வேண்டும். போகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. கேட்ட கேள்விக்கு அவளிடமிருந்து பதில் வராது. உதட்டில் வரிசையாகக் குண்டூசியைக் கடித்துக்கொண்டிருப்பாள். "எப்ப தருவ?" என்றால் "ம்." "செவ்வாக்கெழம கல்யாணம், மறந்துராத" என்றால் "ம்ம்." ஊசி ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து உருவப்பட்டுத் துணியில் ஏறும்.

அவள் புருசன் ஷமீர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிறான். "குண்டூசியக் கண்டுபிடிச்ச மவராசன் நல்லா இருக்கட்டும்" என்று அடிக்கடி வாழ்த்துவான். ஊசியை எடுத்துவிட்டால் அவள் பேச்சை நிறுத்த ஊரில் ஆள் இல்லை என்பது அவனுக்குத்தானே தெரியும்!

இப்படிப்பட்டவள் கையில் துப்பாக்கி வந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. கல்யாணமான புதிதில், ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தைப் பார்க்க இருவரும் போனார்கள். பலூன் சுடுகிற கடையில் ஷமீர் தோளை உயர்த்திக்கொண்டு சுட்டான். பலூன்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன, பின்னால் கட்டியிருந்த தார்ப்பாயில்தான் ஓட்டை விழுந்தது. "தள்ளுங்க" என்று ரமீஜா வாங்கினாள். முதல் குண்டிலேயே குழல் இடது பக்கம் இழுக்கிறது என்று கண்டுகொண்டாள். அப்புறம் என்ன, பட் பட் என்று பலகை காலியாகிவிட்டது. கடைக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். "யக்கா, போதும்க்கா, எம் பொழப்பக் கெடுத்துராதீக." அவன் கன்னத்துக்குள் குண்டுகளை அடக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துப்பிக் கொடுத்ததை ரமீஜா கவனித்தாள். அட, இவனும் நம்ம ஜாதிதான் என்று தோன்றியது.

அந்தக் கூட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றவர் குருசாமி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பஞ்சு கோடவுன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, நாலு சிநேகிதர்களோடு துப்பாக்கி சுடும் கிளப் நடத்திவந்தார். "தாயி, ஞாயித்துக்கெழம நம்ம கிளப்புக்கு வா. குழல் நேரா இருக்க துப்பாக்கியா தாரேன்" என்றார். போனாள். போனவள் அதோடு நிற்கவில்லை. ஞாயிறு வந்தால் ரமீஜாவை ராஜபாளையம் பஸ்ஸில்தான் பார்க்க முடியும்.

கிளப்பில் இருப்பது காற்றழுத்தத் துப்பாக்கிகள். குண்டு மிளகு பெரிசுதான் இருக்கும், முழுக்கக் காரீயம். டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவது ரமீஜாவுக்குப் பொறுக்கவில்லை. ஐந்தாறு குண்டை உதட்டில் கவ்விக்கொண்டாள். ஊசி எடுக்கிற அதே விரல், அதே வேகம், கண் குறியை விட்டு நகர வேண்டியதில்லை. பொங்கல் போட்டியில் முதல் பரிசு அவளுக்கு. அவ்வளவுதான், கிளப்பே உதட்டில் குண்டு வைக்க ஆரம்பித்துவிட்டது. கிருஷ்ணன்கோவில் காலேஜிலிருந்து வருகிற பையன்கள் அதற்கு 'ரமீஜா ஸ்டைல்' என்று பெயரே வைத்தார்கள். குருசாமி பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குண்டைக் கவ்வுவார்.

சாயங்காலம் கிளப்பைச் சுத்தம் பண்ணுவதும் குருசாமிதான். துடைப்பம் எல்லாம் அவர் கௌரவத்துக்குச் சரிப்படாது. மில்லில் மெஷின் மேல் படிந்த பஞ்சை ஊதித் தள்ளுகிற ப்ளோயரைத்தான் கையில் எடுப்பார். குண்டு போய் மோதுகிற தகரத் தடுப்பிலிருந்து வாசல் வரைக்கும் ஒரே ஊதல். நடுவில் ஒரு மேசையில் முறுக்கு டப்பாவும் டீ பிளாஸ்க்கும் இருக்கும். தூசி அடங்குவதற்குள் எல்லாரும் முறுக்குக் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு ஆலியா பிறந்தாள். ரமீஜா கொஞ்ச நாள் ஓய்ந்திருந்து, பிள்ளை தவழத் தொடங்கியதும் மறுபடி பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்ததும் போட்ட துணியோடு பிள்ளையை வாரி அணைத்து, கன்னத்தில் முத்தம் கொடுத்தால்தான் அவளுக்கு உயிர் வரும். ஒருநாள் காலியான குண்டு டப்பா ஒன்றைக் கொண்டுவந்தாள். சுட்டு நசுங்கிய குண்டு கொஞ்சம் உள்ளே போட்டு மூடினாள். ஆட்டினால் கலகல என்று அப்படி ஒரு சத்தம்! கடையில் வாங்கிய கிலுகிலுப்பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஆலியா அதையே பிடித்துக்கொண்டாள். தூங்கும்போதும் அது பக்கத்தில் இருக்க வேண்டும். மூடியைச் சப்பிச் சப்பி அதன் பெயிண்டே போய்விட்டது.

இரண்டு வயது தாண்டிய பிள்ளை திடீரென்று சோறு வேண்டாம் என்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. முகம் வெளுத்துப் போனது. "கண்ணு பட்டுருக்கும்" என்றாள் ரமீஜாவுக்குக் கொக்கி தைத்துக் கொடுக்கிற அழகுத்தாய். "பூச்சியா இருக்கும்" என்றான் ஷமீர். பூச்சி மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் சரிவரவில்லை. குழந்தைகள் டாக்டர் ஷெரினிடம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் பிள்ளையைப் பார்த்தார். பிறகு பிள்ளையின் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தார். திறந்து, உள்ளே இருந்ததைக் காகிதத்தில் கொட்டினார். அவர் முகம் மாறியது.

"இது என்னம்மா?"

ரமீஜா பெருமையாகவே சொன்னாள், துப்பாக்கிக் குண்டு, தான் சுட்டது என்று. உதட்டில் வைத்துச் சுடுகிற வித்தையையும் சேர்த்துச் சொன்னாள். டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"காரீயம்மா இது. வயித்துக்குள்ள போனா ரத்தத்துல கலக்கும். பெரியவங்களுக்கே ஆகாது. பிள்ளைக்கு மூளை வளர்ற வயசு. ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்புறேன். ஒங்க ரத்தமும் வேணும்."

"டாக்டரம்மா, ஈயச் சொம்புல ரசம் வச்சுக் குடிச்சவுக எல்லாம் நல்லாத்தான இருக்காக?"

"அது வெள்ளீயம். அது வேற, இது வேற."

ரமீஜா பிள்ளையை ஷமீரிடம் கொடுத்தாள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, யா அல்லா, எம் பிள்ளைக்கு நானே ஊட்டியிருக்கேனே என்று வாய்விட்டு அழுதாள். ஷமீர் பிள்ளையை ஒரு கையிலும் அவளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டான். "தெரிஞ்சா செஞ்ச? இப்பத்தான் தெரிஞ்சிருச்சுல்ல" என்றான்.

முடிவு வந்தது. ஆலியாவின் ரத்தத்தில் காரீயம் அளவுக்கு மேல் இருந்தது. மருந்து கொடுத்து வெளியேற்றுகிற அளவுக்கு மோசமில்லை. டப்பாவை ஒழித்து, வீட்டை ஈரத்துணியால் துடைத்து, முருங்கைக்கீரை, பால், நெல்லிக்காய், இரும்புச்சத்து மருந்து என்று கொடுத்தால் இறங்கும், கொஞ்ச மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றார் டாக்டர். ரமீஜாவுக்குப் பிள்ளையைவிட அதிகம் இருந்தது. அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பிள்ளைக்கு இறங்குகிறவரை துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டாள்.

"சுடுறத நிறுத்தச் சொல்லல. அங்க இருக்கிறது ஒங்க கூட வீட்டுக்கு வரக்கூடாது. அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

குண்டூசியையும் அன்றோடு வாயிலிருந்து எடுத்தாள். பழக்கம் ஒன்றுதானே, ஊசிக்கு ஒரு வாய், குண்டுக்கு ஒரு வாயா இருக்கிறது? பஞ்சு அடைத்த சின்னத் திண்டு ஒன்று தைத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, ஊசியை அதில் குத்தினாள். விளைவு என்னவென்றால், அவளிடம் அளவு கொடுக்க வருகிறவர்கள் இப்போது முழுப் பேச்சையும் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. ஷமீர் தன் செருப்புக் கடையைச் சீக்கிரம் திறந்து, தாமதமாக அடைக்க ஆரம்பித்தான்.

ஆனால் கிளப்பை அப்படியே விட அவளுக்கு மனசு வரவில்லை. அந்தக் காலேஜ் பையன்கள் இன்னும் அவள் பெயரைச் சொல்லித்தான் குண்டைக் கவ்விக்கொண்டிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள். சுடுவதற்கு இல்லை, கையில் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி ஒரு சுருள் இருந்தது.

குருசாமி ப்ளோயரும் கையுமாக நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அட போ தாயி. முப்பது வருசம் மில்லுல பஞ்சு தின்ன ஒடம்பு இது. ஈயம் என்ன செஞ்சிரும்?"

"அண்ணாச்சி, அந்த மிஷின செத்த நேரம் அமத்துங்க."

துணியைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்தாள். டீ பிளாஸ்க்கின் மூடியைத் துடைத்தாள். வெள்ளைத்துணி சாம்பல் நிறமானது. இன்னொரு துண்டால் முறுக்கு டப்பாவைத் துடைத்தாள், அதுவும் சாம்பல். மூன்றாவது துண்டை எடுத்துக் குருசாமியின் உள்ளங்கையைத் துடைத்தாள். அது கறுத்தே போனது. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தாள்.

"இதுக்கு மேல வச்ச முறுக்கத்தான் தின்னுட்டு இருந்தோம். அதே கையோட போயிப் பேரப்பிள்ளையத் தூக்குதீக."

குருசாமிக்கு விருதுநகரில் ஒரு பேத்தி உண்டு. அவர் சிரிப்பு நின்றது. முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார், திரும்பி வரும்போது கை வெறுமையாக இருந்தது. பையன் ஒருவன் உதட்டில் இருந்த குண்டை மெதுவாகத் துப்பினான். மறுவாரம் குருசாமி ரத்தம் கொடுத்துப் பார்த்தார். கிளப்பிலேயே அதிகம் அவருக்குத்தான். "முதல் பரிசு எனக்குத்தாம்ல!" என்று அதற்கும் ஒரு சிரிப்பு சிரித்தாரே தவிர, ப்ளோயரை அன்றைக்கே பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கோடவுன் ஆளே மாறிவிட்டது. தரையை ஈர மாப்பால் துடைக்கிறார்கள். சுடுகிறவர் முகத்தில் தூசி அடிக்காமல், தடுப்புப் பக்கம் இழுத்து வெளியே தள்ளப் பெரிய ஃபேன் வைத்தார்கள். டீ, முறுக்கு எல்லாம் வெளியே புளியமரத்தடியில், அதுவும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு. வெறும் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறவனைக் குருசாமி கழுத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்புவார். "ஏலே, சோப்பு என்ன ஒன் மாமியா வீட்டுச் சீதனமா? மிச்சம் பிடிக்காத!" ஷமீர் கடையில் தேங்கிக் கிடந்த ரப்பர் செருப்புகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து போட்டான். கிளப்புக்குள் அந்தச் செருப்பு, வெளியே வந்தால் சொந்தச் செருப்பு. மேலே போட்டுக்கொள்ள ஆளுக்கொரு சட்டையை ரமீஜா தைத்துக் கொடுத்தாள்.

இத்தனையும் செய்துவிட்டு அவள் வெளியே புளியமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தாள். மாவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை, நெஞ்சு முட்ட இருந்தது. ஆனால் ஆலியாவின் இரண்டாவது முடிவு வரவில்லை. "பேராவது குடுத்து வையி தாயி" என்றார் குருசாமி. "பிள்ளைக்கு எறங்கட்டும் அண்ணாச்சி" என்றாள். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவாள் என்று அவருக்கும் தெரிந்தது.

பேர் கொடுக்கக் கடைசி நாள். அழகுத்தாய் கழுத்துப் பட்டி மடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடமிருந்து போன் வந்தது. ரமீஜா கேட்டாள், ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள், பிறகு போனை வைத்துவிட்டுத் தையல் மெஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஏட்டி, என்னட்டி ஆச்சு? ஊசி இல்லாமயே வாய அடச்சுக்கிட்டு இருக்க!" என்று அழகுத்தாய் பதறினாள்.

"எறங்கிருச்சாம் அக்கா. நல்லா எறங்கிருச்சாம். அல்ஹம்துலில்லாஹ்!" என்று கண்ணீரும் சிரிப்புமாக எழுந்தவள், குருசாமிக்குப் போன் போட்டாள்.

போட்டி அதே கோடவுனில் நடந்தது. முதல் சுற்றில் ரமீஜாவுக்கு உதடு துறுதுறுத்தது. கை இரண்டு தடவை வாய்ப் பக்கம் போய்த் திரும்பியது. குண்டுகளை முன்னால் ஒரு மரக்கட்டையில் குழி குழியாக அடுக்கியிருந்தாள். ஒவ்வொன்றாக எடுக்க நேரம் ஆனது. நாசமாப் போச்சு, இன்னைக்கு மானம் போகப்போகுது என்று நினைத்தாள். பிறகுதான் ஒன்று பிடிபட்டது. கை கட்டைக்குப் போய் வருகிற அந்த நேரத்தில் மூச்சு தானாக அடங்கியது. மூச்சு வெளியே போகட்டும், அடங்கட்டும், பிறகு சுடு. அவசரமே இல்லாமல் சுட்டாள். முதலிடம் கல்லூரிப் பெண் ஒருத்திக்குப் போனது. இரண்டாமிடம் ரமீஜாவுக்கு வந்தது.

பத்திரிகைக்காரத் தம்பி கேமராவைத் தூக்கினான். "அக்கா, மெடல லேசாக் கடிச்ச மாதிரி ஒரு போஸ் குடுங்க. எல்லா பிளேயரும் அப்படித்தான் குடுப்பாங்க."

"அதெல்லாம் முடியாது தம்பி! இந்த வாயில எதையும் வைக்கிறதில்லன்னு முடிவு. அது ஏன்னு கேளு..." என்று அவள் ஆரம்பிக்க, அந்த நேரத்தில் படம் விழுந்துவிட்டது. மறுநாள் பத்திரிகையில் அவள் வாய் திறந்தபடியே வந்தது. ஷமீர் அதைக் கடையில் ஒட்டிவைத்திருக்கிறான். வாய் மூடியிருந்தால் அடையாளம் தெரியாது என்கிறான்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் ஆலியா "ம்மா!" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தது. ரமீஜா தொடவில்லை. "செத்த இரு தங்கம், வாரேன்" என்று ஒதுங்கி, செருப்பை வெளியே விட்டு, நேராகக் குளியலறைக்குள் போனாள். பிள்ளை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. தலையில் தண்ணீர் ஊற்றி, துணியைத் தனியாக ஊறப்போட்டு, பதக்கத்துக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெளியே வந்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக் கன்னத்தோடு கன்னம் வைத்து இறுக்கிக்கொண்டாள். அவ்வளவு நேரம் காத்திருந்ததற்கெல்லாம் சேர்த்து முத்தம் கொடுத்தாள்.

ஆலியாவுக்கு முத்தத்தைவிடப் பதக்கம் பிடித்திருந்தது. பிடித்து இழுத்து, நேராக வாய்க்குக் கொண்டுபோனது.

"ஏட்டி! எதப் பாத்தாலும் வாயில வைப்பியா? யாருட்டட்டி படிச்ச இந்தப் பழக்கத்த?" என்று ரமீஜா அதட்டினாள்.

ஷமீர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.