பெரட்டில் ஒரு பெயர்

தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடத் தொடங்கியதும் ரெங்கம்மா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். தன் பெயருக்காக அல்ல, சின்னராசாவின் பெயருக்காக. ஆண்கள் பக்கமிருந்து "ஆமாங்க" என்று அவன் குரல் வந்த பிறகுதான், இடுப்புப் பிள்ளையை ஏற்றி வைத்துக்கொண்டு "இருக்கான்" என்று முணுமுணுப்பாள். இன்னும் ஆசை விடவில்லை என்று பக்கத்துப் பெண்கள் சிரிப்பார்கள். ஆசையாவது மண்ணாங்கட்டியாவது! அத்தனையும் பயம்.

பிள்ளை அவனுடையதுதான் என்று பதுளைக் கோர்ட்டு தீர்த்து, மாதம் இரண்டு ரூபாய் கட்டச் சொல்லியிருக்கிறது. ஆனால் வேலையிலிருந்து விடுவிக்கும் துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு அவன் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் எந்த மலையில் போய்த் தேடுவது? அந்தத் துண்டை வாங்கிக் கொடுக்க வேண்டியவர் அழகர் கங்காணி. அவனுடைய தாய்மாமன். தீர்ப்பு வந்த அன்றே அவர் ரெங்கம்மா குடியிருக்கும் காம்பரா வாசலில் வந்து நின்று சொன்னார்: "இனிமே வாயத் தொறந்தே, புள்ளையோட ரோட்டுலதான் நிப்பே."

ரெங்கம்மா சும்மாவே பயந்தவள். அட்டைக்குப் பயம், துரையின் குதிரைக்குப் பயம். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முந்தானையைக் கடித்துக்கொண்டுதான் திரும்புவாள். அப்படிப்பட்டவள், மூன்று மாதமாகப் பணம் வராமல் போகவே, நமுனுகுல மலையிலிருந்து ஒருவருக்கும் சொல்லாமல் பதுளைக் கோர்ட்டுக்கு நடந்துபோய், அவனைப் பிடிக்க வாறண்டு கேட்டுவிட்டாள். ஆள் எங்கே அகப்படுவான் என்று விசாரித்தார்கள். "பெரட்டுக்கு வாங்கய்யா. அங்கதான் பேரு கூப்புடுவாங்க" என்றாள்.

இன்று காலை கோர்ட்டுச் சேவகர் வந்துவிட்டார். கணக்கப்பிள்ளை "சின்னராசா" என்று இரண்டு தரம் கூப்பிட்டார்.

"அவன் நேத்தே துண்டு வாங்கிக்கிட்டு கொஸ்லந்தைக்குப் போயிட்டானுங்களே" என்றார் கங்காணி.

சேவகருக்கு அவன் முகம் தெரியாது. அறுபது ஆண்கள் குளிருக்குத் தலையோடு கம்பளி போர்த்தி நின்றார்கள். தெரிந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கங்காணி மட்டும் ரெங்கம்மாவைப் பார்த்தார். இந்தக் குளிரில் பிள்ளையோடு எங்கே போய் நிற்பாள்?

சேவகர் வாறண்டுத் தாளை மடிக்கத் தொடங்கினார்.

ரெங்கம்மா வாயைத் திறக்கவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஆண்களுக்கு நடுவே நடந்தாள். மூன்றாம் வரிசையில் ஒரு கம்பளியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். உள்ளே சின்னராசா நின்றிருந்தான்.